பைக்குள் வைத்த அட்டை

செத்துப்போன மனுஷன் திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பட்டறை வாசலில் வந்து நின்று, சாப்பாட்டு டப்பாவை நீட்டினார்.

"என் வீட்டுக்காரி இதை மறந்து வச்சுட்டு வந்துட்டா. கொஞ்சம் கொடுத்துடறீங்களா?"

ஜிப் அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு, யாருடைய வீட்டுக்காரர் என்று கேட்டாள். இருபத்தாறு பெண்கள் உள்ளே தைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்விதான். அந்த மனிதர் ஒரு பெருமிதச் சிரிப்போடு சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார்.

"இதோ, இவதான். ஜன்னலோர மெஷின்ல உக்காருவாளே. போட்டோ நல்லா வந்திருக்கு, இல்ல? எழுத்துதான் ரொம்பப் பொடிசு. கண்ணாடி இல்லாம எனக்குப் படிக்க வரல."

ஜிப் அக்காவுக்குக் கண்ணாடியும் வேண்டியதில்லை, அட்டையும் வேண்டியதில்லை. அதில் இருப்பது அவளே எழுதியது, மனப்பாடம். முதல் நம்பர் அட்டை. கட்டட வேலையில் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த கணவனைப் பறிகொடுத்த பெண், தனியாளாய்ப் பிள்ளையை வளர்க்கிறவள், அவள் கையால் தைத்த பை இது. அந்தப் பறிகொடுக்கப்பட்ட கணவன் எதிரில் நின்று, தன் மரணச் செய்தியைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். ஜிப் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கொடுத்துடறேன்" என்ற ஒரு வார்த்தையை எப்படியோ வெளியே தள்ளினாள். அவர் போன பிறகும் டப்பா அவள் கையிலேயே இருந்தது. அதன் சூடு உள்ளங்கையில் ஏறிய பிறகுதான் நடந்தது கனவில்லை என்று உறைத்தது.

ஜிப் அக்கா யார் என்று சொல்லாமல் மேலே போக முடியாது. பதினேழு வயதில் ஒரு பெரிய பை கம்பெனியில் சேர்ந்து, இருபத்திரண்டு வருஷம் ஜிப் பிரிவிலேயே கிடந்தவள். ஒரு ஜிப்பை நூறு தடவை இழுத்து மூடித் திறந்து பார்க்காமல் விடமாட்டாள். வீட்டில் குளிர்பெட்டிக் கதவைக்கூட இரண்டு தடவை மூடிப் பார்ப்பாள் என்று அவள் கணவர் கேலி செய்வார். ஒரு நாள் காலையில் கம்பெனி கேட்டில் பூட்டும் நோட்டீசும் தொங்கின. முந்நூறு பேர் தெருவில் நின்றார்கள். மற்றவர்கள் அழுதுவிட்டு வேறு வேலை தேடப் போனார்கள். இவள் அழுதுகொண்டே போய், கம்பெனி ஏலம் விட்ட மெஷின்களில் நாலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாடகை வேன் ஓட்டும் கணவர் அவற்றை ஏற்றிவந்து, ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இறக்கினார்.

அவளுக்கு அப்போது இரண்டு ஆசை. வேலை இல்லாமல் நிற்கும் பெண்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலையில் லாபம் வர வேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றதைச் சொல்லாமல் விடமாட்டாள். "இது தர்ம சத்திரம் இல்ல. லாபம் வராத நல்ல காரியம் நாலு மாசத்துல படுத்துடும், அப்புறம் யாருக்கும் பிரயோஜனம் இல்ல" என்பாள். அதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை.

முதல் வருஷம் ஈ ஓட்டினாள். பை நன்றாகத்தான் இருந்தது, கடைக்காரர்கள்தான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது ஒரு சின்ன சம்பவம். ஒரு கடைக்கு நாற்பது பை இரண்டு நாள் தாமதம். கடைக்காரர் கோபப்படுவாரே என்று, தைத்த பெண்ணின் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பைக்குள் போட்டு அனுப்பினாள். கடைக்காரர் அதை வாடிக்கையாளர்களிடம் காட்டியிருக்கிறார். நாற்பது பையும் ஒரே வாரத்தில் காலி. "இதே மாதிரி சீட்டு எல்லாத்துலயும் வச்சு அனுப்புங்க" என்றார். பிடித்தது யோகம். சீட்டு அட்டையானது, அட்டையில் போட்டோ வந்தது. பெயர் கிடையாது, முகமும் நம்பரும் நாலு வரிக் கதையும் மட்டும். நாலு மெஷின் இருபத்தாறானது.

அந்தப் பெண்களை அவள் நன்றாக வைத்துக்கொண்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கம்பக்கத்துப் பட்டறைகளைவிடக் கால் பங்கு கூடுதல் சம்பளம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு. முதுகு சாய நல்ல நாற்காலி. இதில் குறை சொன்னால் சொன்னவர் வாய்தான் வலிக்கும்.

ஆள் எடுப்பதில்தான் அவளுக்கு ஒரு தனி வழி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியே பெஞ்சு போட்டு வரச் சொல்வாள். இடம் சிறியது என்பதால் நாலு நாலு பேராக உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பாள். தைக்கத் தெரியுமா என்று கேட்கவே மாட்டாள், அதைத் தானே சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம். ஒரே ஒரு கேள்விதான். "உனக்கு என்னம்மா கஷ்டம்?" யாருக்குக் கஷ்டம் பெரிதோ அவளுக்கு நாற்காலி. இதைவிட நியாயமான முறை உலகத்தில் இருக்க முடியாது என்று நம்பினாள்.

இப்போது அந்த முதல் நம்பர் அட்டையைப் பார்த்துத்தான் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து கேட்டிருந்தார்கள். தங்கள் ஊழியர்களுக்குப் பரிசாக நாலாயிரம் பை வேண்டும். வியாழக்கிழமை அந்தக் கம்பெனியின் வாங்கும் அதிகாரி நேரில் வருகிறார், ஜன்னலோரப் பெண்ணை வீடியோ எடுக்கிறார், கையெழுத்துப் போடுகிறார். பக்கத்து ஹாலையும் வாடகைக்குப் பிடித்து இன்னும் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பதாக ஜிப் அக்கா வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வியாழனுக்கு மூன்று நாள் இருக்கும்போது புருஷன் உயிரோடு வந்து நிற்கிறார்.

மதியம் ஜன்னலோரப் பெண்ணை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார்."

ஜன்னலோரத்துக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. "எப்போக்கா?" என்றாள், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"செத்து மூணு வருஷம் கழிச்சு. இன்னைக்குப் பதினோரு மணிக்கு."

அவள் அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னாள். "பெயின்ட் அடிக்கற வேலைக்கா அவருக்கு. மாசத்துல பத்து நாள் இருந்தா பெரிசு. நல்ல மனுஷன். குடியில்ல, அடியில்ல. இதைச் சொல்லியிருந்தா என்னை எடுத்திருப்பீங்களா?"

"ஏன் எடுத்திருக்க மாட்டேன்?"

"எனக்கு முன்னாடி போன ஒருத்தங்க இதையேதான் சொன்னாங்க. வீட்டுக்காரருக்குச் சரியா வேலை இல்லன்னு. 'இதெல்லாம் எல்லா வீட்டுலயும் இருக்கறதுதானேம்மா'ன்னு அனுப்பிட்டீங்க. வெளியில பெஞ்சுல இருந்த எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு."

அப்போது கதவு திறந்தது. வெட்டும் மேஜையைக் கவனித்துக்கொள்ளும் கட்டிங் அக்கா. நாலு வருஷமாகக் கூட இருப்பவள், பட்டறைச் சாவி அவளிடம்தான் இருக்கும்.

"அவளை மட்டும் ஏன் திட்டறீங்க? என்னையும் சேர்த்தே திட்டிடுங்க, ஒரே வேலையா முடிஞ்சிடும்."

"உனக்கென்ன? உன் வீடு எரிஞ்சது நிஜம்தானே?"

"ஜன்னல் திரை எரிஞ்சது. ஒரு குடம் தண்ணியில அணைஞ்சிடுச்சு."

ஜிப் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிங் அக்கா இத்தனை வருஷம் அடக்கிவைத்ததை எல்லாம் கொட்டித் தீர்க்கிற வேகத்தில் இருந்தாள். பெஞ்சில் காத்திருக்கும்போதே ஒத்திகை நடக்குமாம். இது பத்தாது, இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லு என்று ஒருத்திக்கு ஒருத்தி எடுத்துக்கொடுப்பார்களாம். இரண்டு பேர் ஒரே கஷ்டத்தைச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பங்குகூடப் பிரித்துக்கொள்வார்களாம்.

"ஏழாம் நம்பர்? அவளுக்குக் காது கேக்காதே!"

"ஏன் கேக்காம? ஹெட்போன்ல பாட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் தைக்கறா."

"அடிப்பாவி! ரெண்டு வருஷமா அவ காதுகிட்ட குனிஞ்சு குனிஞ்சு கத்திக்கிட்டு இருக்கேனே!"

"அதனாலதான் இப்ப நிஜமாவே கொஞ்சம் மந்தம் தட்டியிருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் ஜிப் அக்கா வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு ஜிப்பாகப் பார்த்தவள் அவள். அவள் மூக்குக்குக் கீழேயே இத்தனை பேர் கதை கட்டியிருக்கிறார்கள், அந்தக் கதைகளை அவள் அச்சடித்து ஊருக்கெல்லாம் விற்றிருக்கிறாள்.

"ஒருத்தியாவது நிஜம் சொன்னீங்களாடி?"

"ஒம்பது பேரோடது சுத்தமான நிஜம்க்கா," என்றாள் கட்டிங் அக்கா. "மத்ததும் முழுப் பொய்யில்ல. பக்கத்து வீட்டுல நடந்ததை எங்க வீட்டுல நடந்ததாச் சொன்னோம்."

அது ஜிப் அக்காவைச் சுருக்கென்று தைத்தது. ஜன்னலோரத்துக்காரி பக்கம் திரும்பினாள். "அப்ப கட்டடத்திலேர்ந்து விழுந்தது யாரு?"

"பக்கத்து வீட்டு அக்காவோட வீட்டுக்காரர்."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா, நீ அதை எடுத்துக்கிட்டது?"

"அவங்கதான் கொடுத்தாங்க. அவங்களும் அன்னைக்கு இங்க வந்தாங்கக்கா. எனக்கு முந்தின நாலு பேர்ல ஒருத்தங்களா வந்து உக்காந்தாங்க. நீங்க கஷ்டம் என்னன்னு கேட்டீங்க. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

ஜிப் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் அவள் தவறாமல் சொல்லும் கதை அது. ஒரு பெண் வந்தாள், கஷ்டம் ஒன்றும் இல்லை, நன்றாகத் தைப்பேன் என்றாள், உனக்கு எங்கு போனாலும் வேலை கிடைக்கும், இந்த நாற்காலி கஷ்டப்படுகிறவளுக்கு என்று சொல்லி அனுப்பிவைத்தேன். இந்த இடத்தில் கைதட்டல் வரும். எத்தனை மேடை, எத்தனை கைதட்டல்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் வேன் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "கடையில எதைக் கேக்கறாங்களோ அதைத்தானே எடுத்துக் கொடுப்பாங்க? நீ கஷ்டம் கேட்ட, அவங்க கஷ்டம் கொடுத்தாங்க," என்றார்.

"என்னங்க நீங்க, எனக்கு நெஞ்சு பதறுது, நியாயம் பேசறீங்களே!"

"வியாழக்கிழமைக்கு என்ன பண்ணப்போற?"

அதைத்தான் செவ்வாய் முழுக்க யோசித்தாள். யோசித்து யோசித்து, தொழில் பழகிய மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. கதை பொய்யில்லையே, ஆள்தானே மாறியிருக்கிறது? நிஜமான ஆள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளைக் கூட்டிவந்து ஜன்னலோரம் உட்காரவைத்தால் அட்டை நிஜமாகிவிடும். அவளுக்கும் வேலை, நாலாயிரம் பையும் நிலைக்கும், பன்னிரண்டு பேரும் வருவார்கள். போட்டோவை மட்டும் மாற்றினால் போதும். நினைக்க நினைக்க அவளுக்கு மூச்சு சீரானது. புதன்கிழமை மதியம் கிளம்பிவிட்டாள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. வாசலில் 'பேன்ட், சட்டை அளவு திருத்தித் தரப்படும்' என்று ஒரு பலகை. உள்ளே காலால் மிதிக்கும் தையல் மெஷினில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி குனிந்திருந்தாள்.

"வாங்க. பேன்ட்டா, சட்டையா?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. அவ வீட்டுக்காரர் டப்பா கொண்டுவந்தாராமே. சொல்லி அழுதா. வேலையை விட்டு எடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"எடுக்காதீங்க. பொய் அவளோடது இல்ல, நான் சொல்லச் சொன்னது."

பேச வந்ததை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஜிப் அக்கா பக்கத்தில் மடித்திருந்த சட்டையைக் கையில் எடுத்தாள். பழக்க தோஷம். தையலைப் பார்த்தாள். கோடு போட்ட மாதிரி ஒரே சீர். இருபத்தாறு பேரில் ஒருத்திக்கும் இந்தக் கை கிடையாது.

"ஏன் அன்னைக்குச் சொல்லலை?" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் நாற்காலி உங்களுக்குத்தானே?"

"அவர் போய் அப்ப ஆறு வாரம். கூட மூணு பேர் உக்காந்திருந்தாங்க. நீங்க பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேட்டீங்க." அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினாள். "சொன்னா வேலை கிடைக்கும்னு எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு. அவரை விலைக்கு வைக்கற மாதிரி இருந்துச்சு, முழுங்கிட்டேன். வெளியில வந்தா, அடுத்துப் போக இவ பெஞ்சுல உக்காந்திருக்கா. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணும், எதைச் சொல்லி வேலை கேக்கறதுன்னு அழறா. என்னால சொல்ல முடியல, உன்னால முடிஞ்சா நீ சொல்லிக்கோன்னேன்."

ஜிப் அக்கா சட்டையை மடித்து இருந்த இடத்தில் வைத்தாள். ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை. அவள் அப்படித்தான். நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னாள், நல்ல சம்பளம் சொன்னாள். பிறகு குரலைத் தணித்து, காலையில் ஒருவர் வருவார், ஒரு சின்ன வீடியோ, நாலு வார்த்தை பேசினால் போதும் என்றாள்.

நூல் கோத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தைக்கணும்னா வர்றேன். நாளைக்கே வர்றேன். அதுக்குத்தான் அன்னைக்கும் வந்தேன். முகம் வேணும்னா வேற ஆளைப் பாருங்க."

அதற்கு மேல் ஜிப் அக்கா வற்புறுத்தவில்லை. அந்தப் பெண் மெஷின் இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தாள். முதல் நம்பர். ஓரம் நைந்திருந்தது. பல தடவை படித்திருக்கிறாள்.

"நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. இதுல ஒரு தப்பு இருக்கு, அடுத்த தடவை அச்சடிக்கறப்ப அதை மட்டும் மாத்திடுங்க. மூணாவது மாடின்னு போட்டிருக்கு. அவர் விழுந்தது ரெண்டாவது மாடியிலேர்ந்து. இவ சரியாக் கேட்டுக்காம உளறிட்டா போலிருக்கு. ஒரு நாள் பிடிச்சுக் கத்திட்டேன். ரெண்டுன்னுதான் சொன்னேன்னு பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினா. நான் நம்பல. ஒரு மாசம் அவகூடப் பேசல."

ஜிப் அக்கா அட்டையை வாங்கி அந்த வரியைப் பார்த்தாள். வாசலில் செத்தவரைப் பார்த்தபோதுகூட இப்படித் தூக்கிவாரிப்போடவில்லை. அந்த வரியை எழுதிய மேஜை, எழுதிய பேனா எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னலோரத்துக்காரி இரண்டாவது மாடி என்றுதான் சொன்னாள். அப்படித்தான் எழுதினாள். உரக்கப் படித்துப் பார்த்தபோது இரண்டு என்பது எடுபடவில்லை. அடித்துவிட்டு மூன்று என்று போட்டாள். அரை நிமிஷ வேலை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதை நினைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வாங்கும் அதிகாரி. நாளைக்குப் பத்து மணிக்கு கேமராக்காரரோடு வருவதாகவும், அந்தப் பெண் தயாராக இருக்கிறாளா என்றும் கேட்டார்.

"சார், வீடியோ வேண்டாம். அட்டையும் இனிமே கிடையாது. அதுல எழுதினது சரியில்ல. பை மட்டும்தான்."

"அட்டைக்காகத்தான்மா நாலாயிரம்னு பேசினோம். வெறும் பைன்னா எங்க மேலதிகாரிங்க ஆயிரத்துக்கு மேல ஒத்துக்க மாட்டாங்க. விலையும் குறைக்கணும்."

"ஆயிரம் தைச்சுத் தர்றேன் சார்."

பன்னிரண்டு நாற்காலி போனது. போனை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் மெஷினை ஓட்டாமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் பேசியதன் அர்த்தம் அவளுக்குப் பாதி புரிந்திருக்கும். அவளைத் திட்டாதே, அவள் உளறவில்லை என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த யாராவது இந்த அறையில் ஒருத்திதான்.

"அவ சரியாத்தான் சொன்னா," என்றாள் ஜிப் அக்கா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அவ ரெண்டுன்னுதான் சொன்னா. மூணுன்னு மாத்தினது நான்."

அந்தப் பெண்ணுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அட்டையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"எதுக்கு?"

ஜிப் அக்கா அட்டையிலிருந்த மூன்றை விரலால் மறைத்தாள்.

"ரெண்டு மாடி பத்தலையா உங்களுக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள்.